ப்ளோயர் பெட்டிக்குள் இருந்த பூ

தம்பிகளே, உங்கள் ஏசி மெக்கானிக் வாட்ஸாப் குழுவில் என்னைச் சேர்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. காலையில் காபி குடித்து முடிப்பதற்குள் பத்து வாய்ஸ் மெசேஜ். "சார், பழைய வண்டி, ஏசி ப்ளோயர் ஓடல, என்ன பண்றது?" என்ன வண்டி, எப்போதிலிருந்து ஓடவில்லை, ஒரேயடியாக நின்றதா, விட்டு விட்டு ஓடுகிறதா, ஒன்றும் கிடையாது. பதில் மட்டும் உடனே வேண்டும். நான் கடையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துப் படுத்துக் கழுத்து தேய்ந்துவிட்டது. இப்போது நேராகப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று. எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுவது, எந்த ஒயரை எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் உங்கள் போனில் வீடியோவாகவே இருக்கிறது. என்னைவிட நன்றாகச் செய்து காட்டுகிறார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. காற்றை ஊதித் தள்ளுகிற ஒரே ஒரு ப்ளோயரைப் பற்றி எழுதுகிறேன். கடை நடத்திய காலத்தில் எத்தனையோ ப்ளோயரைத் திறந்து மூடி அனுப்பியிருக்கிறேன். இது ஒன்றைத்தான் மூட முடியவில்லை.

என் சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, இரண்டிலும் மதிப்பெண் சுமார். சென்னையில் ஒரு கார் ஏசி கடையில் மூன்று வருடம் வேலை கற்றுக்கொண்டு திருப்பதிக்கு வந்து, ரேணிகுண்டா ரோட்டில் கடை போட்டேன். புதுப்புது கார்கள் வர ஆரம்பித்திருந்த காலம். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனவர்கள் எல்லாம் திடீரென்று ஜன்னலை மூடிக்கொண்டு போக ஆசைப்பட்டார்கள் என்பதுதான். பையன் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த மறுமாதமே அப்பாவுக்கு இங்கே வேர்க்க ஆரம்பித்துவிடும். பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுக்கு ஏசி மாட்ட முடியுமாப்பா?" என்பார். பிறவியிலேயே ஏசி இல்லாத வண்டிகளுக்கு ஏசி மாட்டியே நான் பிழைத்தேன்.

சென்னை முதலாளி பேச்சு குறைந்தவர். மூன்று வருடத்தில் எனக்கென்று அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. "ஃபியூஸ் போச்சுன்னா அது உன்கிட்ட கம்ப்ளைன்ட் சொல்லுதுடா. அது வாயை அடைக்காத. இன்னா சொல்லுதுன்னு கேளு." கேட்டுத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

முதலில் சித்தூரில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் கெட்ட பழக்கம் எங்கே தொடங்கியது என்று தெரிய வேண்டும். மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருந்த ஒருவரின் பழைய கார். ப்ளோயர் ஓடவில்லை. நான் எதையும் சோதிக்காமல் மோட்டரை மாற்றினேன். மூன்றாம் நாள் மறுபடியும் நின்றுவிட்டது என்று போன் வந்தது. பஸ் பிடித்துச் சித்தூருக்குப் போய்ப் பார்த்தால், கால்மிதிக்கு அடியில் எர்த் ஒயர் மாட்டிய போல்ட் துருப்பிடித்துப் போயிருந்தது. சுரண்டி இறுக்கினேன், ஓடியது. பழைய மோட்டரும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவர் பக்கத்திலேயே நின்று, என்னப்பா ஆச்சு என்று கேட்டார். "நாம போட்ட மோட்டர் கொஞ்சம் டூப்ளிகேட்டுங்க, கடைக்காரன் ஏமாத்திட்டான், சரி பண்ணிட்டேன்" என்றேன். அவர் கடைக்காரரைத் திட்டிவிட்டு எனக்கு மோர் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகவே இருந்தது. நம் தொழிலில் பழி போட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பார்ட்ஸ் கடைக்காரன் இருக்கிறான், நமக்கு முன்னால் கை வைத்த மெக்கானிக் இருக்கிறான், இவர்கள் இருவரும் கிடைக்காவிட்டால் டிரைவர் எப்போதும் இருக்கிறான்.

இனி அந்த வண்டி.

ஒரு டிராவல்ஸ் ஓனர் எனக்கு நிரந்தர வாடிக்கை. தெலுங்குக்காரர், வாய் பெரிது, மனசு சுமார். அவருடைய எட்டு வேன்களுக்கும் நான்தான் ஏசி பார்த்தேன். அவர் போய்விட்டால் என் கடையில் பாதி நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த எட்டில் மிகப் பழைய வேனை ஓட்டியவன் முனிரத்தினம். அவனும் சத்தியவேடு பக்கத்து ஆள், எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். அவன் அப்பா காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். குடும்பத்தில் முதன்முதலாக, வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் லைசென்ஸ் எடுத்தவன் இவன்தான். குவைத்தில் டிரைவர் வேலைக்குப் போக ஏஜென்டிடம் பேசி வைத்திருந்தான். பாஸ்போர்ட் தயார். ஏஜென்ட் கேட்டது இன்னும் ஒன்றே ஒன்று: இத்தனை வருடம் என்னிடம் ஓட்டினான், ஒரு புகாரும் இல்லை என்று ஓனர் கையெழுத்துப் போட்ட கடிதம். தீபாவளி கழித்துத் தருகிறேன் என்று ஓனர் சொல்லியிருந்தார்.

"மூணு வருசம் ஓட்டுனா போதும்ணா" என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொல்வான். "எங்க நைனா நட்டுக்கினு இருக்காரே, அதே நெலத்துல ஒரு ஏக்கரு. வேற எதுவும் வாணாம். ஒரு ஏக்கரு வாங்கி அவரு பேர்ல எழுதிட்டு, வரப்புல உக்கார வெச்சிடணும்."

அவனுக்கு ஒரு வழக்கம். இந்த ஊரில் எல்லா டிரைவருக்கும் உள்ளதுதான், இவனுக்குக் கொஞ்சம் அதிகம். டேஷ்போர்டு மேலே கண்ணாடியோரம் சாமி படம். தினமும் காலையில் அதற்குப் புதுப்பூ. சாமந்தி, துளசி, சனிக்கிழமையென்றால் பெரிய சரமாக. வண்டியை எடுக்கும் முன் மஞ்சள் அரிசி தூவிக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். பழைய பூவை எடுப்பான். ஆனால் காய்ந்து உதிர்ந்ததை யாரால் எடுக்க முடியும்? கண்ணாடியோரம் டேஷ்போர்டில் நீளமாக ஒரு காற்றுச் சந்து இருந்தது. உதிர்ந்ததெல்லாம் அதற்குள் விழும். அந்த வண்டிக்கு ஏசி மாட்டியவன் நான். ப்ளோயர் காற்றை உறிஞ்சும் வாய் நேராக அந்தச் சந்துக்குக் கீழே வருகிற மாதிரி வைத்தவனும் நான். நடுவில் ஒரு துண்டு வலை போட்டிருக்க வேண்டும். அது எனக்கு அன்றே தெரியும். அப்புறம் போடலாம் என்று விட்டேன். அதற்கப்புறம் அதை மறந்தே போய்விட்டேன்.

புரட்டாசி சனிக்கிழமை. திருப்பதியில் புரட்டாசி சனி என்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பாதி இங்கேதான் இருக்கும். காலை ஒன்பது மணிக்கே என் கடை முன்னால் நான்கு வண்டி. முனிரத்தினம் ஐந்தாவதாக வந்து நின்றான்.

"அண்ணா, ப்ளோயர் திக்கித் திக்கி ஓடிக்கினு இருந்துச்சி, இப்ப ஒரேடியா நின்னுட்ச்சி. சேலம் பார்ட்டி இஸ்டேசன்ல நிக்குறாங்க. பன்னண்டு பேரு, வயசானவங்க. ஏதாவது பண்ணி வுடுண்ணா."

பார்த்தேன். ஃபியூஸ் போயிருந்தது. புதிதாக ஒன்று போட்டு சுவிட்சைத் திருப்பினேன். உர்ர் என்று ஒரு முனகல், ஃபியூஸ் போனது. இன்னொன்று போட்டேன். அதுவும் போனது. மோட்டர் எதனோடோ முட்டி மல்லாடுகிறது, அதனால் கரண்டை அதிகமாக இழுக்கிறது என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இதை நன்றாகக் கவனித்துக் கொள்ளுங்கள். தெரியாமல் செய்த தப்பு இல்லை இது. பெட்டியைத் திறந்தால் ஒரு மணி நேர வேலை. அவனுக்கு முன்பே வந்த நான்கு வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஸ்டேஷனில் பார்ட்டி நிற்கிறது.

"நீ போய்ப் பூ வாங்கிக்கினு வா, பாத்து வெக்கிறேன்" என்று அவனை அனுப்பினேன். தெருமுனையில் பூக்கடை. அவன் போன பிறகு, ஒரு பழைய ஒயரிலிருந்து செப்புக் கம்பியை உருவி, ஃபியூஸின் இரண்டு காலிலும் முறுக்கிச் சொருகினேன். சுவிட்சைத் திருப்பினேன். முனகியது, திணறியது, ஓட ஆரம்பித்தது.

அந்த இரண்டு நிமிடத்தில் என் மண்டைக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மண்டைக்குள்ளும் ஒருநாள் இதுவே ஓடும். மலை ஏறும்போது எந்த டிரைவரும் ஏசி போட மாட்டான், இன்ஜின் திணறும் என்று அணைத்துவிடுவான். ஆகவே போகும்போது பயமில்லை. மேலே நாலைந்து மணி நேரம் வண்டி நிற்கும். இறங்குவது முக்கால் மணி. முக்கால் மணி நேரம் தாங்காதா? சாயந்திரம் கொண்டுவரச் சொல்லித் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். அவசரத்தில் செய்த தப்பு என்று பின்னால் பல பேரிடம் பல தப்புகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவசரத்திலும் மனசு இவ்வளவு நிதானமாக வாதாடுகிறது.

முனிரத்தினம் சாமந்திச் சரத்தோடு வந்தான். "ஃபியூஸ் மாத்திட்டேன், சாயந்திரம் கொண்டா, முழுசா பாக்கலாம்" என்றேன். சரத்தைப் படத்துக்குப் போட்டு, மஞ்சள் அரிசி தூவிக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டான்.

இறங்கும் பாதையில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் அது நடந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளோடு எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறார்கள். ஒரு வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டு சந்திலிருந்து புகை வந்தது. கொஞ்சமாக இல்லை, ஊதுபத்திக் கட்டையே கொளுத்திவிட்டதுபோல. அந்த இடத்தில் நானாக இருந்தால் பிரேக்கை மிதித்திருப்பேன். வளைவில் நின்றிருப்பேன், பின்னால் வருகிற பஸ் எங்களைத் தள்ளியிருக்கும். முனிரத்தினம் நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வளைவைக் கடந்து, நேரான இடத்தில் கைப்பிடிச் சுவரோரமாக ஒதுக்கி, கியரில் போட்டு நிறுத்தினான். "ஒண்ணும் இல்லம்மா, வண்டி கொஞ்சம் சூடாயிட்ச்சி, மெதுவா எறங்குங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். அந்தக் குரலால்தான் நெரிசல் இல்லாமல் இறங்கினோம் என்று அந்தச் சேலத்துக்காரர்களே பின்னால் சொன்னார்கள். பிறகு சக்கரத்துக்குக் கல் வைத்து, பேட்டரி ஒயரை வெறுங்கையால் பிடுங்கினான். அது கொதித்துக்கொண்டிருந்தது. வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள். கடைசியாக இறங்கிய ஒரு வயதான அம்மா மட்டும் படியில் கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு உடைந்துவிட்டது. வேறொரு வண்டியை மறித்து, வெந்த கையோடு இவனே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

திங்கட்கிழமை வேனை என் கடைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். ஓனர் வந்தார். முனிரத்தினம் கையில் கட்டோடு ஓரமாக நின்றான். அந்த அம்மாவின் வீட்டுக்காரர்கள் போலீசுக்குப் போகப்போவதாகப் பேச்சு. ஓனர் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் தானே திறந்தார். கருகிய கம்பி பளிச்சென்று தெரிந்தது.

"எவரய்யா இதி சுட்டிந்தி?" என்று கேட்டார். யார் இந்தக் கம்பியைச் சுற்றியது?

"நேனு காது சார்" என்றான் முனிரத்தினம். நான் இல்லை சார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

எட்டு வேன் போய்விடும். போலீஸ் வரும். இந்த ஊரில் என் பெயர் நாறிவிடும். இந்த மூன்றும் எனக்குள் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு விடுகிற நேரம். நான் தெலுங்கில், யாரையும் பார்க்காமல் சொன்னேன்: "டிரைவர்கள் அவசரத்துக்கு இப்படிச் சுற்றிக்கொள்வது வழக்கம்தானே சார்."

முனிரத்தினம் சுற்றினான் என்று நான் சொல்லவில்லை. பொதுவாக ஒரு வழக்கத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். இப்படித்தான் பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அதற்குள் குனிந்து ப்ளோயர் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அடிமூடியை எடுத்ததும் பொலபொலவென்று கொட்டியது. காய்ந்த சாமந்தி, துளசிக் காம்பு, கருகிய இதழ், மஞ்சள் அரிசி. இரண்டு கை நிறைய அள்ளலாம். ஃபேன் இறக்கையில் ஒரு சரத்தின் நூல் சுற்றிக்கொண்டு கிடந்தது.

"பாருங்க சார்" என்றேன். "இதுதான் காரணம்."

முனிரத்தினம் தரையில் கிடந்த பூவைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. கம்பியைப் பற்றி ஓனர் கத்தியபோதும் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். நான் பிழைத்துக்கொண்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

தம்பிகளே, பெட்டியிலிருந்து விழுந்தது பொய் இல்லை. பூ உண்மைதான், அது ஃபேனைப் பிடித்ததும் உண்மைதான். கண் முன்னால் இருந்த உண்மையைத் தூக்கிக் காட்டி, என் கை செய்த காரியத்தை அதற்குப் பின்னால் ஒளித்தேன். சித்தூரில் மோட்டர் டூப்ளிகேட் என்று சொன்னது பச்சைப் பொய். இது அதைவிட மோசம். பொய்யை யாராவது ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். இதை யார் கண்டுபிடிப்பது?

ஒரு வாரம் கழித்து அவன் கடைக்கு வந்தான். வேலை போய்விட்டது. ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஓனராண்ட ஒரு வார்த்தை சொல்லுண்ணா. வேலை வாணாம். அந்த லெட்டரு மட்டும் குடுத்தா போதும். நீ சொன்னா கேப்பாரு."

"பேசுறேன்பா" என்றேன். தலையாட்டினேன்.

பேசவில்லை. இரண்டு முறை ஓனர் கடைக்கு வந்தார், இரண்டு முறையும் அந்தப் பேச்சு வரவேயில்லை. பேசினால் அவர் ஏதாவது கேட்பார், கேட்டால் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். தீபாவளி போனது, பொங்கல் போனது. குவைத் வேலைக்கு ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிட்டார் என்று இன்னொரு டிரைவர் சொல்லித் தெரிந்தது. முனிரத்தினம் ஊருக்குப் போய்விட்டான் என்றும் சொன்னான்.

நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று வருடம். சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்தன. புஞ்சை நிலமெல்லாம் காம்பவுண்டு சுவரானது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பழைய வழி தெரியாமல் பஸ்ஸிலிருந்து தவறான இடத்தில் இறங்குவேன். அவனை நான் தேடவில்லை. நாலு கிலோமீட்டர்தான். தேடவில்லை.

ஒருநாள் மத்தியானம் கடைக்கு ஒரு பழைய ஸ்டாஃப் வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கினான். தலை நரைத்திருந்தது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கதவை விட்டு எடுத்த கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வலது உள்ளங்கையில் தோல் வழுவழுவென்று வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"இன்னாணா, நல்லா கீறியா?" என்றான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "கம்பெனி ஆளுங்களை ஏத்தற வண்டி. திருப்பதில இருந்து ஆபீசருங்களைக் கூட்டிக்கினு போவ வந்தேன். ப்ளோயர் ஓடல. மேனேஜரு இங்கதான் வுடச் சொன்னாரு."

இதுவும் பிறவியில் ஏசி இல்லாத வண்டி, யாரோ பின்னால் மாட்டியது. நான் கீழே படுத்தேன். மோட்டருக்குக் கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்திருந்தது, சாதாரண விஷயம். பெட்டியைத் திறந்தேன். தூசி மட்டும் விழுந்தது. ஒரு இதழ் இல்லை, ஒரு அரிசி இல்லை. இந்த ஊரில் நான் திறந்த வண்டிகளில் பூ விழாத ப்ளோயர் பெட்டி அது ஒன்றுதான்.

எழுந்து டேஷ்போர்டைப் பார்த்தேன். படம் இருந்தது. துடைத்துச் சுத்தமாக இருந்தது. பூ இல்லை.

"ஏன்பா, பூ வெக்கிறதில்லியா?"

"அன்னியிலேர்ந்து வெக்கிறதில்லணா. வீட்ல திட்றாங்க. எங்க நைனா சாவற வரிக்கும் கேட்டுக்கினே இருந்தாரு, ஏண்டா சாமிய வெறுமனே வெச்சிருக்கன்னு." படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இருவது பேரு உக்கார்ற வண்டிணா. நான் வெச்ச பூவாலதானே அந்த அம்மா கை ஒடிஞ்சிச்சி."

 ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"முனிரத்தினம், அந்தக் கம்பியைச் சுத்தனது நான்தான்."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். வண்டிய வுட்டுட்டுப் பூ வாங்கப் போனேன், நீதானே இருந்த. வேற யாரு கை வெப்பாங்க?"

"தெரிஞ்சும் ஏன்பா சொல்லல? லெட்டரு கேக்க வந்தியே, அப்பகூட..."

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீ பொட்டியத் தொறந்து பூவக் கொட்டினியா, அப்பால இன்னா சொல்றது? கம்பி உன்னுதுதான். பூவு என்னுதுதானே? பூவு இல்லாங்காட்டி கம்பி இன்னா பண்ணியிருக்கப் போவுது?"

நான் அவனுக்கு விளக்கினேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விளக்கியிருக்கிறேன், ஒன்றுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. பூ விழுந்தால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் காற்று வராது, வேர்க்கும். அவ்வளவுதான் நடக்கும். அதற்காகத்தான் ஃபியூஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறான். நெருப்பு கம்பியால் வந்தது. பூ உள்ளே விழுந்ததுகூட, சந்துக்குக் கீழே நான் வலை போடாததால்தான். பூ வைத்ததில் உன் தப்பு எதுவும் இல்லை. எல்லாம் என் கையால் நடந்தது.

அவன் கேட்டுக்கொண்டு நின்றான். கம்பி விஷயத்தில் அசையாத முகம் இப்போது மாறியது. கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தடவிக்கொண்டேயிருந்தான்.

"அப்ப இத்தினி வருசமா பூ வெச்சிருக்கலாமாண்ணா?"

 எழுந்து உள்ளே போனேன். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைக் கம்பி ஒரு சுருள் கடையில் எப்போதும் கிடக்கும். ஒரு துண்டு வெட்டி, டேஷ்போர்டு சந்துக்கு அடியில் வைத்து நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். கார்பனை மாற்றி ப்ளோயரை ஓட விட்டேன். நன்றாகக் காற்று வந்தது. வலை போட எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்த ஒரு ஏக்கரு என்னாச்சுப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதுலதாண்ணா இப்ப எங்க கம்பெனியோட பெரிய கேட்டு கீது" என்றான். "டெய்லி ரெண்டு வாட்டி உள்ள போய்க்கினு வந்துக்கினுதான் கீறேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டான். நேரமாச்சு, ஆபீசர்கள் காத்திருப்பார்கள் என்றான்.

நீங்கள் கேட்கிறீர்கள், ப்ளோயர் ஓடவில்லை, முதலில் என்ன பார்ப்பது என்று. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது போயிருந்தால் அடுத்ததைப் போடும் முன் பெட்டியைத் திறங்கள். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் திறங்கள். பார்ட்டி காத்திருந்தால் காத்திருக்கட்டும், வேர்த்துப் போனால் துடைத்துக்கொள்ளட்டும். திறந்து எல்லோருக்கும் காட்டும்போது, பெட்டிக்குள் இருப்பதோடு சேர்த்து உங்கள் கை செய்ததையும் காட்டுங்கள். அந்த இடத்திலேயே, அன்றைக்கே. பின்னால் சொன்னால் அது உங்களுக்குத்தான் பாரம் குறையும், அடுத்தவனுக்கு ஒன்றும் ஆகாது. இதைத் தவிர எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. மீதியை உங்கள் போனே சொல்லிக் கொடுக்கும்.

அன்றைக்கு முனிரத்தினம் வண்டியை எடுத்தான். கடையிலிருந்து எந்த வண்டியும் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பூக்கடை அப்போதும் அங்கேயே இருந்தது, அதே அம்மா சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். நான் கையைத் துடைக்காமல் வாசலுக்கு வந்து நின்று பார்த்தேன். முனையில் வேகம் குறைந்தது. திரும்புவதற்காகத்தான். வண்டி நிற்கவில்லை.